இரண்டாவது சரணமும் என் அப்பளமும்

போன வாரம் மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் வரும் ஷேர் ஆட்டோவில் ஒரு காரியம் செய்தேன். டிரைவர் பாட்டு போட்டிருந்தார். அந்தப் பாட்டு!

"தம்பி, கொஞ்சம் சவுண்டைக் கூட்டுப்பா" என்றேன்.

பக்கத்தில் இருந்த எங்கள் தெரு கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? இந்தப் பாட்டு போட்டான்னு ஆட்டோவ வுட்டே எறங்கினவதான நீ?"

இறங்கினவள்தான். இல்லை என்று சொல்லவில்லை.

பாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதுவே உங்களுக்கு ஒரு நாள் முழுக்க வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு எதற்கு அந்தப் பாவம்? எது என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ரிசப்ஷனில் அதுதான். ஆடித் திருவிழாவில் அதுதான். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் காத்திருக்கச் சொல்லி அதுதான். எதிர்வீட்டுக்காரர் கார் ரிவர்ஸ் எடுத்தால்கூட அதுதான்...

என் கதை இன்னும் மோசம். வழக்கமாக இந்தப் பக்கம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கல்யாண சமையல்காரி. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் நான் கரண்டி பிடிக்காத மண்டபம் கிடையாது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்; இந்தப் பக்கத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல பத்திரிகைக்காரப் பையன்தான் எழுதிக்கொள்கிறான். ஆனால் ஆயிரம் பேருக்கு உப்பு போட அளவு பார்க்க மாட்டேன். கை சொல்லும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ரிசப்ஷன் என்றால் லைட் மியூசிக் இல்லாமல் நடக்காது. எங்கள் பக்கத்தில் பாதி ரிசப்ஷனுக்கு ஒரே டிரூப்தான் வரும். அதில் பாடுகிற பெண் மெர்ஸி. கீழ்க்கட்டளைக்காரி. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். சாமி பாட்டில் ஆரம்பிப்பார்கள், குத்துப் பாட்டு வரும், கடைசியில் அந்தப் பாட்டு. அது முடிந்ததும் மைக்கை வைத்துவிடுவார்கள். மொத்தக் கூட்டமும் டைனிங் ஹாலுக்குள் திமுதிமுவென்று வரும்.

எனக்கும் மெர்ஸிக்கும் நடுவே ஒரு ஏற்பாடு. நாங்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அல்ல, தானாக வந்தது. அந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும். அந்தக் குழல் கேட்டதும் நான் அப்பளத்தை எண்ணெயில் போட வேண்டும். பாட்டு முடிந்து, ஆட்கள் கை கழுவி, இலை முன்னால் உட்காரும்போது அப்பளம் மொறுமொறுவென்று இருக்கும். முன்னாடியே போட்டால் நமுத்துப் போகும். பின்னாடி போட்டால் சாம்பாரே முடிந்திருக்கும். கடிகாரம் பொய் சொல்லும். முகூர்த்தமே தள்ளிப் போகும். புல்லாங்குழல் மட்டும் தப்பியதே இல்லை.

அதனால் என்ன ஆயிற்று? எனக்கு அது பாட்டாகவே இல்லை. அது ஒரு மணி. ஸ்கூல் பெல் அடித்தால் யாராவது "ஆகா" என்று ரசிப்பார்களா? மண்டபத்தில் அடிக்கிற அந்த மணி, தெருவிலும் பஸ்ஸிலும் துரத்திக்கொண்டு வந்தால் எரிச்சல் வராதா? சும்மா இருக்கிற நேரத்திலும் அதைக் கேட்டால் எனக்கு எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறும்.

பிறகு டிஜே வந்தது. மெர்ஸியின் டிரூப் கலைந்தது. நானும் மூட்டு வலியில் வேலையைக் குறைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் எப்போதாவது பல்லாவரம் சந்தையில் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

போன மாதம் மெர்ஸி பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். மகள் ஷெரினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கார் கம்பெனியில் வேலை, அங்கேயே மண்டபம்.

"சமையல் எத்தனை பேருக்குடி?" என்றேன்.

"சமையலுக்கு ஆள் போட்டாச்சு. நீ சமைக்க வரல. சாப்புட வர்ற."

"என்னடி கிண்டலா?"

"கிண்டல் இல்லக்கா. மொத வரிசைல ஒக்காரணும். அந்தப் பாட்ட நான் பாடப் போறேன்."

"ஐயோ! இன்னுமா அதை விடலை நீ? கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு."

மெர்ஸி சிரித்தாள். "எங்க கேட்ட? ஒரு நாளாச்சும் கேட்டுக்கிறியா? அப்பளம்தான பொரிச்சுகினு இருந்த?"

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

பிறகுதான் கழுத்திலிருந்து துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். கட்டி. கல்யாணம் முடிந்த மறு வாரம் ஆபரேஷன். "பேச்சு வந்துடும்னு டாக்டர் சொல்றாரு. பாட்டு வருமான்னு கேட்டேன். அத மட்டும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. அதான், எம் பொண்ணு கல்யாணத்துல ஒரு வாட்டி. நீயும் கேக்கணும்க்கா. முழுசா."

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

போனேன். பட்டுப்புடவை கட்டி, முதல் வரிசையில், ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தேன். மண்டபத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மேடையில் ஷெரினும் மாப்பிள்ளையும். ஓரத்தில் பழைய டிரூப்பில் மிச்சமிருந்த நாலு பேர். தலை நரைத்த அதே புல்லாங்குழல்காரர். மெர்ஸி மைக்கைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள்.

பாடினாள்.

என்ன சொல்லுவேன்... அது அந்தப் பாட்டே இல்லை. அடுப்படியில் எனக்கு வந்து சேர்ந்தது பாட்டின் தோல்தான் போலிருக்கிறது. சதை மேடைப் பக்கமே நின்றுவிட்டிருக்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு எடுக்கிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. அந்த மூச்சு எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. எப்படிக் கேட்கும்? நான் நின்ற இடத்தில் கொதிக்கிற எண்ணெய், உருள்கிற அண்டா, "பாயசத்துக்கு முந்திரி எங்கே?" என்கிற கூச்சல்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அது காதல் பாட்டு என்றுதானே எல்லா ஜோடியையும் நிற்க வைத்துப் பாடினார்கள்? இல்லை. அது பிரிவுப் பாட்டு! ஊரை விட்டுப் போகிறவனை ஒருத்தி தடுக்காமல் வழியனுப்புகிறாள். மூட்டையைக் கட்டிக் கொடுக்கிறாள், வாசல் வரைக்கும் வருகிறாள். இத்தனை வருஷம், இத்தனை கல்யாணம்... ஒருத்தராவது வார்த்தையைக் கேட்டிருந்தால் ரிசப்ஷனில் அதைப் பாட விட்டிருப்பார்களா? அவர்கள் பந்திக்குக் காத்திருந்தார்கள். நான் குழலுக்குக் காத்திருந்தேன். கேட்க ஆளே இல்லாத மண்டபத்தில் மெர்ஸி பாடியிருக்கிறாள்.

எனக்குக் கண் கரித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அப்போது புல்லாங்குழல் வந்தது.

என்னைக் கேட்காமல் என் கால் எழுந்துகொண்டது. நிஜமாகச் சொல்கிறேன், நான் எழவில்லை. கால்தான் எழுந்தது. கடைசி வரிசையைத் தாண்டி, டைனிங் ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு போய், அடுப்படியில் நின்று, பிறவியிலேயே பெரிய என் தொண்டையால் ஒரு சத்தம் போட்டேன்.

"அப்பளம் எங்கடா? குழல் வந்தாச்சு, இன்னும் எண்ணெய் வைக்கலை?"

பெரிய டேக்சாவைக் கிளறிக்கொண்டிருந்த பாய் மாஸ்டர் திகைத்துப் போய்விட்டார். "இன்னாம்மா, அப்பளமா? பிரியாணி ஆர்டர்மா இது. தால்ச்சா கீது, தயிர் பச்சடி கீது. அப்பளத்துக்கு நான் எங்கம்மா போவேன்?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நான் கட்டியிருந்தது பட்டுப்புடவை. கையில் கரண்டி இல்லை. நான் விருந்தாளி.

ஓடினேன். இந்த மூட்டு வலியை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியும்? முதல் வரிசைக்கு வந்து சேரும்போது கடைசி வரி. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மெர்ஸி என் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனேன். குரல் இருக்கிறது, காற்று மாதிரி. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். பாட்டு... இல்லை. டாக்டரும் அதற்கு மேல் பேசவில்லையாம்.

"கடைசி வாட்டி பாடினியே, அதையும் பாதியில விட்டுட்டு ஓடிட்டேனேடி" என்றேன்.

மெர்ஸி போனை எடுத்தாள். கடைசி வரிசையில் இருந்த அவள் அக்கா மகள் எடுத்த வீடியோ. பாட்டு முழுசாக இருக்கிறது. புல்லாங்குழல் வருகிறது. பட்டுப்புடவையில் ஒரு கிழவி கேமராவை மறைத்துக்கொண்டு குடுகுடுவென்று போகிறாள். இரண்டாவது சரணம் ஆரம்பிக்கிறது. மெர்ஸியின் குரலில் ஒரு சிரிப்பு ஏறியிருக்கிறது. நான் எழுந்து போவதைப் பார்த்து வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்போடு பாடும்போது அந்தச் சோகம் இன்னும் பெரிதாகிறது, அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீ எப்போது திரும்பி வந்தாலும் கதவைத் தட்ட வேண்டாம், திறந்தேதான் இருக்கும் என்று பாட்டில் வருகிறவள் சொல்கிற இடம். குரல் மேலே போகிறது, போகிறது, உச்சியில் போய் நிற்கிறது...

"அப்பளம் எங்கடா?"

என் குரல்தான். மைக் இல்லாமலே அவ்வளவு சத்தம்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கெடுத்துட்டேனே மெர்ஸி. அதை அழிச்சிடு."

அவள் தலையை ஆட்டினாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "அழிப்பனா? இத்தினி வருசம் நீ உள்ள கத்திகினு இருந்த, நான் வெளிய பாடிகினு இருந்தேன். இதுலதான்க்கா ரெண்டு பேரும் ஒண்ணா கீறோம்."

சேர்ந்து சிரித்தோம். அவள் சிரிப்புக்குச் சத்தமில்லை.

காதில் விழுந்ததையெல்லாம் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பழகியது எங்கே போய்விடப் போகிறது என்று ஒரு தைரியம். எத்தனை ரிசப்ஷன், எத்தனை தடவை! அடுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒரே ஒரு நாள் அந்தக் கதவுப் பக்கம் வந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அப்பளம் கருகிவிடும் என்று பயம். என் அப்பளம் ஒன்றுகூடக் கருகியதில்லை என்று இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் அவ்வளவு இனிக்கவில்லை.

ஷேர் ஆட்டோவுக்கு வருகிறேன். டிரைவர் சவுண்டைக் கூட்டினார். கோமதி முகத்தைச் சுளித்தாள். புல்லாங்குழல் வந்தது. என் கால் எழப் பார்த்தது... கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது சரணத்தை, வாழ்க்கையில் முதல் முறையாக, எந்த இடைஞ்சலும் இல்லாமல் முழுசாகக் கேட்டேன். சினிமாவில் பாடிய பெரிய பாடகி. ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த உச்சியில் யாரும் அப்பளம் கேட்கவில்லை.