வேம்பு வாங்கிய கல்

திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் மீன் விற்கும் வேம்புவுக்குப் பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் கசப்புதான். ஆனால் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் டீ கேன் அவள் வீட்டிலிருந்துதான் போகும்.

தெற்கே துறைமுகச் சுவர் நீண்ட பிறகு, கடல் தெற்கிலிருந்து வடக்கே அடித்துக்கொண்டு வரும் மணல் அந்தக் குப்பத்துக்கு வருவது நின்றுபோனது. வலை காயவைக்கும் இடத்தைக் கடல் தின்றது. அடுத்து அம்மன் கோயில் வாசல். அலை தன் வீட்டுச் சுவரைத் தொட்டதும் வேம்பு பெண்களைத் திரட்டிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வட்டாரத்தில் மனு கொடுத்தால் ஒன்றும் நடக்காது. கன்டெய்னர் லாரி நின்றால்தான் ஆபீசர் வருவார். வந்தார். தூண்டில் வளைவும் வந்தது. கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய சுவர் அது. அடுத்த வருடமே மணல் சேர்ந்து, பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். வேம்பு கொஞ்ச நாள் மகாராணி மாதிரிதான் நடந்தாள், சொல்வதற்கென்ன.

மகள் ஷாலுவைக் கட்டிக்கொடுத்தது வடக்கே, ஆற்று முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் குப்பத்தில். அங்கிருந்து போன் வந்தது.

“ம்மா, சமையக்கட்டு செவுரு பூட்ச்சு. கடல் வூட்டுக்குள்ள வந்துகினு கீது.”

வேம்பு அன்று கல்சுவரின் நுனிவரை நடந்துபோய்ப் பார்த்தாள். தெற்குப் பக்கம் மணல்மேடு. வடக்குப் பக்கம் வெறும் பள்ளம், கறுத்த தண்ணீர். மகளுக்குப் போக வேண்டிய மணலைத் தான் பிடித்து வைத்திருப்பது புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுவாரம் ஷாலுவின் குப்பமும் சாலையை மறித்தது. வேம்பு வியாபாரத்தைப் போட்டுவிட்டுப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உச்சி வெயிலில் அதிகாரி வந்து, இங்கேயும் தூண்டில் வளைவு போடுவோம் என்று எல்லார் முன்னாலும் உறுதி சொன்னார். கூட்டம் கைதட்டியது.

ஓரமாக நண்டுக் கூடையுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்துவாரத்துக்கு அக்கரையில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் அவள் வீடு. சந்தைக்குப் படகில் வந்தவள்.

“உங்காண்ட கடல் எப்டிமா கீது?” என்று கேட்டாள் வேம்பு.

“இப்பவே வாசப்படிலதான் க்கா. எங்க திட்டுல மறிக்கறதுக்கு ரோடு கூட இல்ல.”

வேம்பு நகர்ந்து இடம் விட்டாள். “குந்து.” பிறகு அதிகாரியைப் பார்த்தாள். “சார், இங்க கல்லு போட்டா அடுத்து இந்தப் பொண்ணு வூடுதான். அதுக்கு இன்னா வழி? சொல்லு, எந்திரிக்கிறோம்.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துகொண்டிருந்த ஷாலு அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். “ம்மா, கல்லு தரேன்றாங்க. காரியத்த கெடுக்காத. என் வூடு போவுதும்மா.”

“தெரியும்டி” என்றாள் வேம்பு. “எனக்குத் தரேன்னு சொன்னப்போ நானும் எந்திரிச்சிட்டேன். உன் வூட்ட பத்தி ஒருத்தியும் கேக்கல. நானும் கேக்கல.”