பட்டா புத்தகத்தில் ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டு வாசலில், மின்சார மீட்டருக்குக் கீழே, ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். அதற்குப் பட்டா புத்தகம் என்று பெயர். ரோந்து வரும் போலீஸ்காரர் தேதியும் மணியும் எழுதி அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்து போனார் என்பதற்கு அதுதான் சாட்சி. அம்மா எந்நேரமும் வாசலருகே தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள் என்பதால், கல்மண்டபம் பகுதியில் எங்கள் தெருவுக்கான புத்தகம் எங்கள் முனை வீட்டுக்கு வந்தது. நானோ போலீஸ் ஸ்டேஷனே எங்கள் வீட்டில் ஒரு கிளை திறந்துவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ரோந்துக்கு ஸ்டேஷனில் 'பீட்' என்பார்கள்; அதனால் வந்துபோன போலீஸ்காரரை நான் பீட் மாமா என்று கூப்பிடுவேன். மற்ற தெருக்களில் பிள்ளைகளைச் சாப்பிட வைக்கப் போலீஸைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். இவரைக் காட்டி ஒரு வாய்ச் சோறுகூட ஊட்ட முடியாது. தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டு அவர் பின்னால் வருவார்.

"இன்னா பாப்பா, தெருவுல கலாட்டா எதுனா கீதா?"

குழாயடிச் சண்டையிலிருந்து பூனை குட்டி போட்டது வரை ஒப்பிப்பேன். "செர்தான், நோட் பண்ணிக்கிறேன்" என்பார். ஊருக்குப் போனவர்கள் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். எதிர்வீட்டுக் கிழவருக்கு மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வார். அவருடைய ரோந்து பெரும்பாலும் இவ்வளவுதான். கடைசியில் கையெழுத்து. ஒரு பெரிய சுழி, அலை அலையாக ஒரு கோடு, அடியில் இரண்டு புள்ளி. அந்தக் கோடை விடுமுறை முழுக்க என் ரஃப் நோட்டில் அதைப் போட்டுப் பழகினேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

ஒருநாள் பதினோரு மணிக்கு வர வேண்டியவர் மத்தியானச் சாப்பாடு முடிந்தும் வரவில்லை. "கையெழுத்து இல்லன்னா மேல கீறவரு என்னிய பேஜார் பண்ணிடுவாரு பாப்பா" என்று அவர் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா நூல் வாங்கப் போன சமயம் பார்த்துப் புத்தகத்தை இறக்கினேன். தேதி போட்டு, பதினோரு மணி என்று எழுதினேன். சுழி, அலை, இரண்டு புள்ளி. ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றியாயிற்று.

மறுநாள் காலை பீட் மாமாவோடு இன்ஸ்பெக்டரும் வந்தார். திடீர்ச் சோதனையாம். புத்தகத்தைப் புரட்டியவர் ஒரு பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"நேத்து உன்ன எண்ணூர் மறியலுக்கு இல்ல பந்தோபஸ்து அனுப்பினேன்? பதினோரு மணிக்கு இங்க எப்படிய்யா கையெழுத்து போட்ட?"

நான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ரோந்து வராததற்கு அவரிடம் சரியான காரணம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "புக்கு உன் வீட்லதானம்மா இருக்கு? வேற யாராவது போட்டிருந்தா நீதான் ஸ்டேஷனுக்கு வந்து பதில் சொல்லணும்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். பீட் மாமா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னுதுதான் சார். முந்தா நாளே சேத்துப் போட்டு வெச்சிட்டேன். பந்தோபஸ்து வரும்னு தெரியாது சார்."

தெருவே வேடிக்கை பார்க்க இன்ஸ்பெக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார். மெமோ வரும் என்றார். இனிமேல் ரோந்து கிடையாது, ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு பாரா நிற்க வேண்டியதுதான் என்றார். எல்லாவற்றுக்கும் பீட் மாமா "சரி சார்" என்றார். போகும்போது என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் ரஃப் நோட்டு அம்மா கையில் சிக்கியது. பக்கம் பக்கமாகச் சுழியும் அலையும். அடி விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து விறுவிறுவென்று ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாள். வாசலில் பீட் மாமா வெயிலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"மாமாவாண்ட மன்னிப்பு கேளுடி" என்றாள் அம்மா.

எனக்கு மன்னிப்பு வரவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பெருமைதான் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா, அது உங்க கையெழுத்தே இல்ல. நான் போட்டது!"

பீட் மாமா கண்ணை அகல விரித்தார். "நெசமாவா? அடிப்பாவி! நான் என்னுதுன்னே நெனச்சிகினு கீறேன்!"

போலீஸ்காரரையே ஏமாற்றிய சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க அம்மா மட்டும் என் கையை விடாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் இவ்வளவு கெட்டிக்காரியாக இருப்பதற்கு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.