தோண்டாமல் போட்ட குழாய்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தெற்கு தில்லியில் ஒரு நாலாவை, அதாவது சாக்கடைக் கால்வாயை, ஒட்டிக் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் பொறியாளராக இருந்தேன். குழாய் போக வேண்டிய பாதையின் மேலேயே தமிழர்களின் ஜுக்கிகள், குடிசை வீடுகள், வரிசையாக இருந்தன. பள்ளம் தோண்டிப் போட்டால் வரிசை முழுவதையும் இடிக்க வேண்டும். இரு முனையிலும் குழி வெட்டி, ஜாக்கி வைத்துக் குழாயை மண்ணுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போனால் யாரையும் கிளப்ப வேண்டாம். அதற்காக அலுவலகத்தில் மாதக்கணக்கில் வாதாடினேன். மேலதிகாரி ஒருவழியாகச் சம்மதித்தார்.

செய்தியைச் சொல்லப் போனபோது, வீட்டுவேலை செய்யும் கள்ளக்குறிச்சிக்கார அம்மா ஒருவர் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அப்போ தோண்ட மாட்டீங்களா சார்?”

“இல்லம்மா. அடியில குழாய் போறதே உங்களுக்குத் தெரியாது.”

“அச்சா,” என்றவர் நம்பாமல் தரையைப் பார்த்தார்.

ஆனால் சில நாட்களிலேயே தரைக்கு சிமெண்ட் பூசி, சுவருக்கு நீலம் அடித்துவிட்டார். எப்போது இடிப்பார்களோ என்று அவர் கணவர் அதுவரை எதையும் செய்யவிட்டதில்லையாம்.

பாதி தூரம் குழாய் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அசையவில்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய செங்கல் கட்டுமானம் ஒன்றில் முனை சிக்கியிருந்தது. அழுத்தத்தைக் கூட்டினோம், பின்னால் இருந்த குழாயில் விரிசல் விழுந்தது. உள்ளே ஆள் போய் உடைக்கலாம் என்றால் மண் சரிந்தது. மேலிருந்து குழி இறக்கி முனையை விடுவிப்பதுதான் ஒரே வழி. அளந்து பார்த்தோம். நேர் மேலே அந்த நீலச் சுவர் வீடு.

நானே போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை.

“மத்தவங்க வீடெல்லாம்?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

“எல்லாரோடதும் போயிருந்தா, எல்லாருமா சேர்ந்து எங்கனா போயிருப்போம் சார்.”

இன்று கேட்டாலும் அதே முறையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நகரத்தின் ஒரு கோடியில் அந்தக் குடும்பத்துக்கு இடம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அலுவலகத்தில் மிட்டாய் வழங்கினார்கள். “ஒரே ஒரு வீடுதான் போச்சு” என்று மேலதிகாரி என் முதுகில் தட்டினார். மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

சில மாதங்கள் அந்த அம்மா இரண்டு பஸ் மாறிப் பழைய வீடுகளுக்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தாராம். திரும்பிப் போகும்போது பழைய வரிசையில் யாராவது ஒருவரின் ஜுக்கி வாசலில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவாராம். பிறகு வருவது நின்றுவிட்டது. நான் விசாரித்தபோது, புது இடத்துப் பக்கமே ஏதாவது வேலை கிடைத்திருக்கும் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.