அத்தை வைத்த பூ

என் வலது கண்ணில் வெள்ளை படர்ந்தபோது எங்கள் வீட்டில் முதலில் தேடியது டாக்டரை அல்ல, பழிபோட ஓர் ஆளை. ஆள் சீக்கிரமே அகப்பட்டாள். அப்பாவின் அக்கா, ரெட்டியார்சத்திரத்தில் பூந்தோட்டம் வைத்திருந்த அத்தை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, என் ஏழாம் வயதில், தலைக்குள் கட்டி என்று மெட்ராஸில் எனக்குக் 'கரண்டு' வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அம்மா அப்போது தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தாள். அப்பாவோடு கூட வந்தது அத்தைதான். தலைவலியும் வாந்தியும் நின்றன. கொட்டிய முடி முளைத்தது. வலது கண் மட்டும் காய்ந்துபோய், மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை நந்தியாவட்டைப் பூவை நனைத்து என் மூடிய கண்மேல் வைப்பாள்.

"பூவுல என்னத்தத் தடவிக் கொண்டாந்தாளோ!" என்றாள் அம்மா. அவளுக்கு ஒத்தாசையாக நானும் துப்பறிந்தேன். அடுத்த முறை வந்த பூவை முகர்ந்து பார்த்தேன். ஓர் இதழை நக்கியும் பார்த்தேன். ஒன்றும் அகப்படாததே எனக்குப் பெரிய சந்தேகமாகப் பட்டது. அம்மா பூவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். காப்பியைத் தொடாமல் எழுந்து போன அத்தை அப்புறம் வரவில்லை.

மதுரைக் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "கரண்டு வச்சதுல விழுந்த படலம்மா இது. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். இப்படி வரும்னு அப்பவே சொல்லியிருப்பாங்களே?"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை அம்மா என்னை இழுத்துக்கொண்டு ரெட்டியார்சத்திரம் போனாள். அத்தை பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கும் தெரியுமா மதினி?"

"தெரியும் தாயி. கண்ணுக்குப் பயந்தா உசுரு தங்காதுன்னாக. என் தம்பி கையெழுத்துப் போடமாட்டேன்னு அழுதான். நான்தான் போடுடான்னேன்."

"அம்புட்டுப் பேச்சுப் பேசினேனே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா அவன்கூட நீ வாழ்ந்திருப்பியா?"

அம்மா அவள் தோளில் விழுந்து அழுதாள். அத்தையும் அழுதாள்.

கண் பிறகு சரியானது, தடித்த கண்ணாடியோடு. அன்றைக்கோ, பூக்கூடையின் ஓரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புச் செய்யாதவள் எதற்கு அழவேண்டும் என்று அத்தைமேல் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.