ஆசிரியரின் அனுமதியுடன்

என் கணவர் தன் வாழ்நாளில் ஒரேயொரு புத்தகம்தான் எழுதினார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கான பிரயோக கணிதப் பயிற்சிப் புத்தகம். இலக்கியமாவது கத்தரிக்காயாவது! சாய்தளத்தில் வழுக்கும் கட்டைகளும், கப்பியில் தொங்கும் பாரங்களும்தான் அதில் இருந்தன. ஆனாலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் 'பதிப்புரிமை ஆசிரியருக்கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அச்சகக்காரர் முதலில் சின்ன எழுத்தில்தான் கோத்துக்கொண்டு வந்தார். இவர் அதை ஏற்கவில்லை, பெரிதாகப் போடச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அந்த வரியை அவர் விளையாட்டுக்குப் போடவில்லை. எண்பத்துநாலாம் ஆண்டு, நகரத்தில் ரியூட்டரி வைத்துத் தனியார் வகுப்பு நடத்திய மாஸ்ரர் ஒருவர் அந்தப் புத்தகத்தில் பத்துப் பக்கங்களை ஸ்ரென்சில் வெட்டி, ரோனியோ மெசினில் பிரதிகள் உருட்டித் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். விஷயம் காதில் விழுந்ததும் இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் நின்று ஏசிவிட்டு வந்தார்.

"கேட்டிருந்தால் சும்மா குடுத்திருப்பன்" என்றார், ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் இருந்தபடி. "கேக்காமல் எடுத்தவன். அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது."

"பத்துப் பக்கத்துக்கு உந்த ஆர்ப்பாட்டமோ?"

"ஒரு பக்கமெண்டாலும் கேக்கவேணுமப்பா."

அடுத்த வருடம், விடைத்தாள் திருத்துவதற்காகக் கொழும்புக்குப் பஸ்ஸில் புறப்பட்டார். வழியில் பஸ்ஸை மறித்து நான்கு ஆண்களை இறக்கினார்கள். மற்றவர்களைப் போகச் சொன்னார்கள். இறக்கப்பட்டவர்களில் இவர் ஒருவர். இன்னொருவர், இவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்த உடுப்பிட்டிக் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். அதே பஸ்ஸில் போன ஓர் அம்மா என் வீட்டைத் தேடிவந்து சொன்னது இவ்வளவும்தான். அதற்கு மேல் ஒருவரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

உடுப்பிட்டிக்காரரின் மனைவியும் நானும் இரண்டு வருடம் ஒன்றாக அலைந்தோம். அரசாங்க அதிபரின் கச்சேரி, இராணுவ முகாம் வாசல், மறுபடியும் கச்சேரி. மனு எழுதுவது நான், அழுவது அவள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வராததையிட்டு முதலில் வெட்கப்பட்டேன், பிறகு அந்த வெட்கமும் போய்விட்டது. சண்டையால் பாதைகள் அடைபட, நாங்கள் சந்திப்பதும் நின்றுபோனது.

நான் அரியாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் படிப்பித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் எழும்பினேன், பொட்டு வைத்தேன், பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். தாலி கழுத்தில் கிடந்தது. திவசம் கொடுக்கவில்லை. கொடு என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. காத்திருக்கிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன். ஆள் போய்விட்டார் என்று சொன்னால் அதற்கும் இல்லையென்று சொல்லியிருப்பேன். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒரு பின்னேரம், அந்த ரியூட்டரி மாஸ்ரர் என் வீட்டுக்கு வந்தார். இவரிடம் ஏச்சு வாங்கியவரேதான். தலை நரைத்திருந்தது. கதிரையின் நுனியில், இருந்தும் இராமலும் இருந்தார்.

"ரீச்சர், சேரின்ரை புத்தகம் இப்ப ஒரு இடமும் எடுக்கேலாது" என்றார். தெற்கிலிருந்து மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் வர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். புத்தகம் மட்டும் எப்படி வரும்? "என்னட்டை இருந்த கொப்பியைத் தையல் பிரிச்சு ஆறாக்கி, ஆறு பெடியளிட்டைக் குடுத்து எழுதுவிக்கிறன். அது எப்ப முடியிறது? அச்சடிக்க ஓராளைப் பிடிச்சிருக்கிறன். நல்ல பேப்பர் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளிலை அடிச்சுத் தாறன் எண்டுறார். ஆனால் உங்களைக் கேக்காமல் நான் ஒரு எழுத்தும் கோக்க விடமாட்டன். ஒருக்கா ஏச்சு வாங்கினது காணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கே அது புதினமாக இருந்தது.

"அதுக்கென்ன மாஸ்ரர், அடியுங்கோ."

"வாயாலை சொன்னால் காணாது ரீச்சர். எழுத்திலை வேணும். சேரும் அப்பிடித்தான் கேட்டிருப்பார்."

பையைத் திறந்து, தட்டச்சில் அடித்த இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே அனுமதிக் கடிதம்தான். தொடக்கம்தான் வேறு. ஒன்று, 'மேற்படி நூலின் ஆசிரியரும் பதிப்புரிமையாளருமாகிய நான்' என்று தொடங்கியது. மற்றது, 'மேற்படி நூலின் ஆசிரியரான காலஞ்சென்ற' என்று தொடங்கி, இவருடைய பெயரைச் சொல்லி, 'அவர்களின் மனைவியும் உரித்தாளருமாகிய நான்' என்று போனது.

"எது பொருந்துமெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "அதாலைதான் ரெண்டும் அடிச்சுக்கொண்டு வந்தனான். குறை நினையாதேங்கோ. நாளைக்கு வாறன்."

ஏழு வருடமாக ஊர் முழுவதும் சுற்றிவளைத்துக் கதைத்த ஒன்றை, இந்த மனுசன் இரண்டு தாளில் அடித்து முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்! ஏசவேண்டும் போல இருந்தது. 

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, இரண்டாவது தாளைத்தான் முதலில் எடுத்தேன். அதில் நான் வைக்கவேண்டியது என் சொந்தக் கையெழுத்து. பேனையை எடுத்துத் திறந்தேன். எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது. அதை வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் புத்தகம் வரும், இவர் செத்தவராகிவிடுவார். யாரும் பிணம் காட்டவில்லை, யாரும் சங்கதி சொல்லவில்லை, நான் மட்டும் ஒரு கணக்குப் புத்தகத்துக்காக எழுதிக் கொடுக்கிறேன். சீ, மாட்டேன் என்று தாளைத் தள்ளினேன். கையெழுத்து வைக்காமல் விட்டால் புத்தகம் இல்லை. ஆறு துண்டாகக் கிழிந்த பிரதியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் விரல் நோக எழுதுவார்கள்.

முதலாவது தாளை எடுத்தேன். அவருடைய கையெழுத்தை நான் எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேன்! கடைசி எழுத்தின் காலை நீட்டி, பெயருக்கு அடியால் திருப்பி இழுப்பார். பழைய பத்திரிகை ஓரத்தில் மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். நாலாவது தரம் கடிதத்தில் வைத்தேன். அன்றைய திகதியையும் போட்டேன். கள்ளக் கையெழுத்து! முன்னேற்ற அறிக்கையில் தகப்பனின் கையெழுத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளின் காதைத் திருகுகிற ரீச்சர் நான். பயமோ கவலையோ ஒன்றும் வரவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

மாஸ்ரர் வந்து அந்தக் கையெழுத்தை நீண்ட நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"நல்லது ரீச்சர். சேருக்கு என்ரை நன்றியைச் சொல்லுங்கோ."

வாயில் வந்த வார்த்தை அவருக்கே உறைத்திருக்கவேண்டும். சைக்கிளில் ஏறாமல், படலை வரை உருட்டிக்கொண்டே போனார்.

இரண்டு மாதத்தில் புத்தகம் வந்தது. கணக்குகளுக்குக் குறுக்கே கொப்பித் தாளின் நீலக் கோடுகள் ஓடின. தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால், அங்கே நான் கொடுத்த கடிதம், தொடக்கம் முதல் முடிவு வரை, திகதியோடும் கையெழுத்தோடும் அச்சாகியிருந்தது. மேலே 'ஆசிரியரின் அனுமதிக் கடிதம்' என்று தலைப்பு வேறு.

"ஐயோ மாஸ்ரர், ஏன் உதைப் போட்டனீங்கள்?"

"கேட்டு வாங்கினதை நாலு பேர் அறியவேணும்தானே ரீச்சர்" என்றார். முகத்தில் கள்ளமே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன? கொடுத்தது நான்.

கணக்குப் புத்தகத்தின் முன்பக்கத்தை எந்தப் பிள்ளை வாசிக்கப் போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். உண்மையில் ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை உடுப்பிட்டிக்காரி வந்தாள். நாலைந்து வருடத்துக்குப் பிறகு அவளைக் காண்கிறேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் வண்டியில் பாதித் தூரம், மீதியைக் காலால் அளந்திருக்கிறாள். செருப்பெல்லாம் புழுதி. நெற்றியில் பொட்டு இருந்தது. "இரும், தண்ணி குடியும்" என்றேன். இருக்கவில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாளாம். பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, திகதியில் விரலை வைத்தாள்.

"அக்கா, உது போன ஆவணி. அண்ணை எழுதியிருக்கிறார்."

நான் இழுத்துப் போட்ட கதிரையில் இராமல், நின்றபடியே சொன்னாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கோபிக்க வரேல்லை. உங்களுக்குச் சொல்லேலாத காரணம் இருக்கும். எங்கை இருக்கிறார் எண்டும் கேக்கமாட்டன். கடிதத்தோடை வேறை துண்டு ஏதும் வந்ததோ, அதை மட்டும் சொல்லுங்கோ. பக்கத்திலை இருந்தவரைப் பற்றி ஒரு சொல்லு போட்டிருப்பாரே?"

ஒன்றும் போடவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொன்னால் என்னுடையவர் இருக்கிறார், அவளுடையவர் இல்லை என்றாகிவிடும். அந்தப் பாவத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"அது அவர் வைச்ச கையெழுத்தில்லை" என்றேன். "நான் வைச்சது."

அவளுக்கு விளங்கவில்லை. பேனையை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தாளில் அவருடைய கையெழுத்தை வைத்துக் காட்டினேன். கடைசி எழுத்தின் காலைத் திருப்பி இழுத்தபோதுதான் அவள் கதிரையில் இருந்தாள்.

"ஏனக்கா உப்பிடிச் செய்தனீங்கள்?"

இரண்டு தாள்களின் கதையைச் சொன்னேன். மேசை இலாச்சியில் கிடந்த மற்றத் தாளையும் எடுத்துக் காட்டினேன். 'காலஞ்சென்ற' என்ற சொல்லில் அவளுடைய கண் நின்றது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"பிழை விட்டிட்டன்" என்றேன். "இதிலை என்ரை கையெழுத்தை வைச்சு மாஸ்ரரிட்டைக் குடுக்கிறன். அடுத்த பதிப்பிலை மாத்தட்டும். இனி ஒருத்தரும் உம்மை மாதிரி ஓடிவரக் கூடாது."

பேனையைத் தாளில் வைத்தேன். அவள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாமக்கா."

"விடும்."

"ரெண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தவை. ரெண்டு பேரையும் ஒண்டாத்தான் இறக்கினவங்கள். நீங்கள் உதிலை கையெழுத்து வைச்சால் என்ரை மனுசனும் செத்துப்போவார். அப்பிடி எழுதாதேங்கோ. என்ரை காசிலை வாங்கின புத்தகத்திலை நானே அதை வாசிக்கவேணுமோ?"

கை நொந்தது. "நோகுது, விடும்" என்றேன். விடவில்லை. என்னிடமிருந்து பேனையைப் பறித்து மூடி, மேசைக்கு அந்தப்பக்கம் தள்ளிவைத்த பிறகுதான் விட்டாள். பிறகு அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் அழவேண்டும் போல இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்து போவதற்குள் அந்தப் புத்தகம் இன்னும் இரண்டு பதிப்பு வந்தது. மாஸ்ரர் அந்த இரண்டு தரமும் ஒரு கடிதம்தான் அடித்துக்கொண்டு வந்தார். நான் இவருடைய பெயரில் கையெழுத்து வைத்து, அன்றைய திகதியைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதி உடுப்பிட்டிக்கு அனுப்பினேன். மகள் அதற்கு முன்பே சோதனை எழுதி முடித்துவிட்டாள். ஆனாலும் புதுப் பதிப்பு வந்தால் தனக்கு மறக்காமல் அனுப்பச் சொல்லியிருந்தாள் தாய்.