மஞ்சள் வைத்த கேசட்

பாட்டு கேசட் கம்பெனி என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி அட்டை மடிக்கிற வேலைதான். உட்கார்ந்தே பார்சல் கட்டுகிறவர்களுக்கு என் இடுப்பு வலி புரியும்.

நான் படித்தது ஐந்தாவது வரை. என் வீட்டுக்காரருக்கு பங்க் பாட்டு என்றால் உயிர். மூன்று பேர் கிடார், டிரம்மோடு ரெண்டே நிமிஷம் கோபமாகக் கத்தினால் அது பங்க். அதைக் கேட்கிறவர்கள் இன்னமும் கேசட்டாக வாங்கி வைக்க ஆசைப்படுவார்களாம். ஏனாத்தூர் காலேஜில் படிக்கிற, இந்தப் பாட்டுப் பாடுகிற மூன்று பையன்களை நம்பி 'இரைச்சல்' என்று கம்பெனி ஆரம்பித்தார். அவர்கள் போனால் கம்பெனியும் போச்சு.

கைப்பழக்கம்

எங்கள் தெருவில் தறியிலிருந்து அறுத்த புதுப்புடவை என்றால் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் வெளியே அனுப்புவோம். அதே பழக்கத்தில் முதல் நூறு கேசட் அட்டைக்கும் மூலையில் மஞ்சள் வைத்துவிட்டேன்.

பையன்கள் பாடுவதோ சாமியும் வேண்டாம், சாதியும் வேண்டாம் என்று. பாடுகிற அசோக் நகத்தால் சுரண்டிப் பார்த்தான், போகவில்லை. மறுநாள் காலேஜில் விற்கணும், வேறு அட்டை கிடையாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். டிரம் அடிக்கிற பையன்தான் சிரித்தான். "வுடு மச்சான். யாரையும் கேக்காம செஞ்சிட்டாங்க பாரு, அண்ணிதாண்டா நெஜமான பங்க்."

டூப்ளிகேட்

நூறும் ஒரே நாளில் தீர்ந்தது. சென்னை, கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆர்டர். வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குப் போய்விடுவார், ஃபோன் என்னிடம். தெரியாதவர்களிடம் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மணி அடித்தால் ரெண்டு வயசு மகளிடம் கொடுப்பேன். அவள் "அல்லோ" சொல்லிக் கட் பண்ணிவிடுவாள்.

"இப்படியே போனா பசங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்கமா" என்றார் அவர். மறுநாள் நானே எடுத்தேன். வீட்டுக்காரர் எழுதி வைத்த முதல் ஆர்டர்களை, வெளியூருக்கு எதற்கு என்று மஞ்சள் வைக்காமல் அனுப்பியிருந்தேன். முதல் ஆளே சண்டைக்கு வந்தார். "மேடம், மஞ்சளே இல்ல. டூப்ளிகேட்ட எங்க தலையில கட்டறீங்களா?"

ஆடி மாசம்

தெருமுனைப் பூக்காரம்மா மஞ்சளைப் பார்த்து, அம்மன் பாட்டு என்று ஒரு கேசட் வாங்கிப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் தெரு தாண்டிவிட்டார். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று மைக்செட்டில் போட்டும் விட்டார்கள். அசோக் கத்தினது எங்கள் வீடு வரை கேட்டது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

சாயந்திரம் அந்தம்மா நேராக வீட்டுக்கே வந்தார். "இன்னாமா பாட்டு இது! ரெண்டு பேருக்கு சாமி வந்து ஆடிக்கினு கீறாங்க. இன்னொண்ணு இருந்தா குடு."

கடைசி கேசட்

படிப்பு முடிந்து பையன்கள் வேலைக்குப் போனார்கள். ஆர்டர் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் மாசத்துக்கு ஒன்று. ஒருநாள் அசோக் வந்து டம்ளரையே உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேசட் இல்லாமல் புதுப் பாட்டை அவர்களே நேராக ஃபோனில் விடப்போகிறார்களாம், ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

நான்தான் கேட்டேன். "தாராளமா வுடுப்பா. எங்க கம்பெனி பேரு வருமில்ல?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வரும் அண்ணி. ஆனா ஃபோன்ல மஞ்சள எங்க வெக்கறது, அத நீங்களே சொல்லுங்க."

கத்துவதற்கென்றே ஆரம்பித்த கம்பெனி சத்தமில்லாமல் படுத்துவிட்டது, ஃபோனில் பேசிப் பேசிப் பழகியதில், கதவுக்குப் பின்னால் நின்ற என் சத்தம்தான் இப்போது தெருமுனை வரை கேட்கிறது.