இரட்டை வால்

கடையில் அவளை ரெட்டைவால் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயே திறக்காதவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் முதலாளியம்மா. காரணம், அவளுடைய வலது ஆள்காட்டி விரல். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் சேர்ந்த வருடம், வெட்டுகத்தி அந்த விரல் நுனியைப் பிளந்துவிட்டது. காயம் ஆறிய பிறகும் நடுவில் ஒரு பள்ளம் தங்கிவிட்டது.

பன்னிரண்டு வருடமாகக் கையால் சாக்லேட் செய்யும் இந்தக் கடையில்தான் வேலை. பளிங்குப் பலகையில் உருகிய சாக்லேட்டைப் பரப்பி, பூரண உருண்டையை அதில் புரட்டித் தட்டில் வைப்பாள். பிறகு விரல் நுனியால் மேலே ஒரு அடையாளம் இழுப்பாள். நேர்கோடு என்றால் உள்ளே பாதாம், சுழி என்றால் காப்பி. எதை இழுத்தாலும் முடிகிற இடத்தில் அது இரண்டாகப் பிரிந்து நிற்கும். விரல் பள்ளம் செய்கிற வேலை.

நகரத்தில் இப்படி ஐந்தாறு கடைகள். வெளியூர்க்காரர்கள் ஒன்று விடாமல் ஏறி இறங்கி ருசி பார்ப்பார்கள். அப்படி வந்த ஒரு பெண் பாலத்தடிக் கடையின் பெட்டியை மேஜையில் மறந்துவிட்டுப் போனாள். முதலாளியம்மா திறந்து பார்த்தார். உள்ளே நான்கு சாக்லேட். நான்கிலும் இரட்டை வால்.

"இது யாரு கை?"

"என் கை இல்லம்மா."

"ஊர்ல இன்னொரு பிளந்த விரல் இருக்கா? லீவு நாள்ல அங்க போறியா?"

"நான் எங்கயும் போகலம்மா."

"அப்ப வால் மட்டும் தனியா நடந்து போச்சாக்கும். நாளைக்கு எனக்குப் பதில் வேணும். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

நான்கில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் மனம் ஒரே வீட்டில் இருக்கும் நாத்தனாரையே சுற்றியது. கடையில் உடைந்த துண்டுகளை வீட்டில் உருக்கிக் குழந்தைகளுக்குச் செய்து கொடுக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தவள். ஆறு மாதமாக எங்கேயோ வேலைக்குப் போகிறாள். எங்கே என்று கேட்டால், "ஒரு கடைல, அண்ணி" என்று பேச்சை மாற்றுவாள்.

துணி மடிக்கிற சாக்கில் நாத்தனாரின் துப்பட்டாவை மோந்து பார்த்தாள். கோகோ வாசம். தன் புடவையிலும் அதே வாசம் வீசியதால் அந்தச் சாட்சி எடுபடவில்லை.

ஜன்னலோரம் போய்க் காகிதத்தைப் பிரித்தாள். தன் விரல் இழுக்கும் கோடு ஒன்றாக ஓடிக் கடைசியில் பிரியும். இதிலோ முதல் வாலின் மேல் இரண்டாவது வால் ஏறிக் கிடந்தது. முழு விரல் உள்ள யாரோ இரண்டு தடவை இழுத்திருக்கிறார்கள். காயம் செய்த கோணலையும் தொழில் என்று நம்பிப் படித்திருக்கிறார்கள். அவள் கை வேலையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை அந்தச் சாக்லேட்டையும் தான் செய்த ஒன்றையும் முதலாளியம்மா முன் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சரி, நீ இல்ல. அப்ப யாரு?"

சொன்னால் பாலத்தடிக் கடை வரைக்கும் சண்டை போகும். நாத்தனார் வேலை போகும். வீடு இரண்டாகும்.

"தெரியலம்மா."

"உனக்கா தெரியாது? ஈ பறந்தாக்கூட எண்ணி வைக்கிற ஆளு நீ."

வேலை தப்பியது. ஆனால் அன்று மதியமே பின்னறையில் இருந்த அவள் பளிங்குப் பலகை முதலாளியம்மா நாற்காலிக்கு எதிரே வந்துவிட்டது.

சாயங்காலம் நாத்தனார் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஒரு தடவை இழுத்தாப் போதும்," என்றாள் இவள்.

சோப்புக் கை நின்றது. "எதை அண்ணி?"

"ரெண்டாவது வாலை. அது என் விரல் காயத்தால வர்றது. வேற ஒண்ணும் இல்ல."

விரலை நீட்டிக் காட்டினாள். நாத்தனார் அதைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் முகத்தைக் கண்ணால் துழாவினாள்.

"காயம் எனக்கும் தெரியும். ரெண்டாவது வால் இருக்கறதாலதான் விக்குதுன்னு எங்க முதலாளி சொல்றாரு. நீங்க என்னடான்னா அதை மட்டும் விடச் சொல்றீங்க." குழாயை மூடினாள். "உங்க முதலாளியம்மா சொல்லி அனுப்பினாங்களா?"